கொம்பையாவுக்கு வந்த கட்டைவிரல்

அந்தப் போனை முதலில் பைக்குள் போடுங்கள் சார். மடியில் கவிழ்த்து வைத்தால் போதாது, அதற்குக் காது முதுகில் இருக்கிறது. போன வாரம் மருமகளிடம் முழங்கால் வலிக்கிறது என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, முழங்கால் தைலத்துக்கு விளம்பரம் வந்து நிற்கிறது. யார் சொன்னது? நான் சொல்லவில்லை. மருமகளும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டேன். முழங்காலே நேரில் போய்ப் பேசியிருந்தால்தான் உண்டு.

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவது திருநெல்வேலியில்தானே? நானும் அங்கேதான், நரம்பு டாக்டரைப் பார்க்க. எனக்கு ஒன்றும் இல்லை. மாமா போனைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனார் என்று மருமகளுக்கு ஒரு நினைப்பு. நினைப்பு அவளுக்கு, மாத்திரை எனக்கு.

என் பெயர் ஆவுடையப்பன். சங்கரன்கோவில். மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து எடுத்தே ஓய்வு பெற்றவன். ஊரில் எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாய் சும்மா இருக்க மாமியார் கடிப்பாள் என்று எனக்குத் தெரியும். கழுகுமலை ரோட்டில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் பொய் சொன்னால் மீட்டர் பின்னோக்கிச் சுற்றும். என் கண்ணால் பார்த்தேன். அவர் அரசியல்வாதி, அதனால் அந்த வீட்டுக்குக் கடைசிவரை கரண்ட் பில்லே வரவில்லை. வாரியம்தான் அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

நம்பவில்லை. சரி. ஊர்க்காரர்களும் நம்பவில்லை, அங்கேதான் வினையே.

எங்கள் ஊருக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. உள்ளூரில் இருப்பவன், துபாயில் இருப்பவன், பெங்களூரில் இருப்பவன் எல்லாரும் அதில்தான் குடியிருக்கிறார்கள். மருமகள்தான் என்னையும் சேர்த்துவிட்டாள், நான் வீட்டில் பேச்சைக் குறைப்பேன் என்று. இந்த மீட்டர் கதையை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தட்டிப் போட்டேன். இரண்டு ஹார்ட்டு வந்தது. ஒன்று என் மருமகள், இன்னொன்று நான். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்கள் என்று அதுவே சொல்கிறது. அப்படியானால் பார்த்தவன் கையை எங்கே வைத்திருந்தான்? எனக்கு அப்போதே சந்தேகம். வருகிற ஹார்ட்டையெல்லாம் நடுவில் யாரோ பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் சார்.

அந்தச் சமயத்தில் செல்லையா வாத்தியார் தவறினார். பாவம், நல்ல மனுஷர். நான் ஒரு வரி போட்டேன், வாத்தியார் போய்விட்டார் என்று. அவ்வளவுதான். அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். போன் என் சட்டைப் பைக்குள் பல்லி வால் மாதிரித் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இங்கே, பின்மண்டையில், ஒரு வெல்லக்கட்டி கரைகிற மாதிரி இருந்தது. வாத்தியார் போன துக்கம் ஒரு பக்கம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் ஊரில் யார் போனாலும் முதல் செய்தி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சேவைதானே. பூக்கடையில் நின்றால் மாலைக்கு யார் சொன்னது என்று தெரியும். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் பாதிக் கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் உட்காரலாம். ஆனால் போட்டிக்கு ஒருத்தன் இருந்தான், மாரிக்கனி. பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். செத்த வீட்டுக்காரன் முதலில் போட்டோவை எடுத்துக்கொண்டு அவனிடம்தான் ஓடுகிறான், கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க. பேனர் காய்வதற்குள் அவன் குரூப்பில் போட்டுவிடுவான். சில பேர் போவதற்கு முந்தின நாளே அவனிடம் போட்டோ இருந்ததோ என்றுகூட எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியவில்லை.

இருங்கள், ஒரு நிமிஷம்.

ஒன்றுமில்லை, மணி பார்த்தேன். கையில் கடிகாரம் இருக்கிறதுதான். அது கொஞ்சம் மெதுவாக ஓடும்.

டாக்டரைச் சொல்ல விட்டுவிட்டேன். போன தடவை போனபோது, வராத சத்தம் வந்த மாதிரிக் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது, வந்த சத்தத்தை எவனோ எடுத்துவிடுகிறான், அதனால்தான் எடுத்துப் பார்த்தால் இல்லை என்றேன். அவர் ஒரு மண்டையோட்டுப் படத்தைக் காட்டி, மூளைக்குள் சன்மானம் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, டோபமைன் என்று ஒரு சரக்கு அங்கே ஊறுகிறது என்று ஆரம்பித்தார். அது கைக்கு வந்ததற்காக ஊறுவதைவிட, வருமா வராதா என்று காத்துக் கிடக்கும்போதுதான் அதிகமாக ஊறுமாம். தினமும் ஒரே அளவு வந்தால் மூளைக்குச் சலித்துவிடும். ஒரு நாள் அள்ளிக் கொடுத்து ஒரு நாள் பட்டினி போட்டால், விடவே விடாதாம். எனக்குப் புரிந்துவிட்டது. கபாலத்துக்குள் ஒரு கருமிச் செட்டியார் வெல்லப் பானையோடு உட்கார்ந்திருக்கிறார். நம்மைக் காக்க வைப்பதுதான் அவருக்கு வியாபாரம். அந்தச் செட்டியாருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டேன். டாக்டர் தன் போனைத் திருப்பிப் பார்த்தார். அந்த ஆளும் உடந்தை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொம்பையா என் கூட்டாளி. அரிசி மில் வைத்திருந்தவர். மில்லைக் கொடுத்துவிட்டு, சம்சாரமும் போன பிறகு, பெரிய வீட்டில் தனி ஆள். காலையில் நான் போனால்தான் அவருக்குப் பொழுது விடியும், இல்லையென்றால் எனக்கு விடியாது. அவருக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போகவில்லையா என்று கேட்காதீர்கள். போனேன். டீக்கடை வரைக்கும் போனேன். தகவல் எல்லாம் அங்கேயே கிடைத்தது.

அன்றைக்குக் காலை அவர் தெரு முனையில் திரும்புகிறேன். அவர் வீட்டு வாசலில் ஒரு வேன். வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இறங்குகிறது, பந்தல் கம்பு இறங்குகிறது, அப்புறம் அந்தக் கண்ணாடி ஐஸ் பெட்டி, உடலை வைக்கிறது, அதுவும் இறங்குகிறது. கொம்பையா, போய்விட்டீரா வே என்று வாய்விட்டே சொன்னேன். அப்போது பார்த்து எதிர்த் திசையில் இருந்து மாரிக்கனியின் வண்டி வருகிறது. பின்னால் கேமராப் பை.

நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்குள் அவன் போட்டுவிடுவான். என் கூட்டாளியின் சாவை மாரிக்கனி சொல்லி ஊர் தெரிந்துகொள்வதா? தந்திக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு போட்டேன். ஊர்ப் பெரியவர், ஆலை அதிபர் கொம்பையா அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார், கண்ணீருடன் ஆவுடையப்பன். போட்டோவும் ஒன்று சேர்த்தேன். ஒரு கல்யாணத்தில் நானும் அவரும் சேர்ந்து எடுத்தது. அதனால் துபாயிலிருந்து ஒருத்தன் எனக்கு இரங்கல் தெரிவித்துவிட்டான். போனவர் இடது பக்கம் இருப்பவர்தான் என்று தனியாக எழுத வேண்டியதாயிற்று.

மாரிக்கனி நிற்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். அது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொம்பையா வீட்டுக்குள் போனேன்.

கொம்பையா இட்லி தின்றுகொண்டிருக்கிறார்.

"வாரும் வே," என்கிறார். "என்ன, மூஞ்சி விழுந்து கிடக்கு? யாரு போயிட்டா?"

"நீருதான் வே," என்றேன்.

முந்தின நாள் சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டீக்கடைக்காரன் என்னிடம் மறைத்துவிட்டான். அடுத்த தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால், அங்கே தவறிப்போன ஒரு கிழவிக்கு வந்த ஐஸ் பெட்டியை வேன்காரன் இவர் வாசலில் இறக்கியிருக்கிறான். நான் செய்தது என்ன தப்பு? எல்லா அடையாளமும் சரியாக இருந்தது. ஆள் உயிரோடு இருந்தது ஒன்றுதான் பொருந்தவில்லை.

போனை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் சாவுச் செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் அழித்துவிடுகிறேன் வே, கோபப்படாதீர் என்று கையை நீட்டினேன். அவர் போனை விடவில்லை.

"இரும், இரும். கீழ என்னமோ ஓடிக்கிட்டு இருக்கே?"

கீழே பொம்மைகள் வந்துகொண்டிருந்தன. தங்கமான மனிதர் என்று ஒருத்தன். எங்கள் வீட்டுக்குக் கடனாக நெல் குத்திக் கொடுத்த கை என்று ஒரு பெண். கொம்பையா வாயில் இட்லி அப்படியே நிற்கிறது. இவ்வளவு பேருக்கு என்னைத் தெரியுமா வே என்கிறார். ஒவ்வொரு பெயராகக் கேட்கிறார். மெல்ல அவருக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவன் ஏன் வெறும் கும்பிடு மட்டும் போட்டிருக்கான், அழக்கூடாதா? அந்த எண்ணெய்க் கடைக்காரன் பார்த்திருப்பானா, பார்த்துவிட்டு அமுக்கிவிட்டானா? நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் செய்தி எதற்கும் அப்படி வந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி, குமாரு அந்தக் குரூப்பில் இருக்கிறானா என்று கேட்டார்.

திருமலைக்குமார் அவருடைய ஒரே பையன். ஓசூரில் வேலை. தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, கொம்பையா வாசலில் வைத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டார். இனி நான் செத்தால்தான் நீ இந்த நடையை மிதிக்கணும் என்று. தெருவே கேட்டது. பையனும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அம்மா போனபோது சுடுகாட்டுக்கு வந்து கொள்ளி வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினான். வீட்டு நடைப்படியை மிதிக்கவில்லை. இவர் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கவும் இல்லை. பேசின வார்த்தையை எப்படி வே திரும்பத் தின்பது என்பார்.

இருக்கிறான், குரூப்பில் இருக்கிறான் என்றேன்.

கொம்பையா தட்டைத் தள்ளி வைத்தார். "அழிக்காதீரும். அவன் பாக்கட்டும்."

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த உட்கார்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொக்கு தோற்றுவிடும். அந்தச் சமயத்தில் நேரில் துக்கம் கேட்க எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பூரணம் மட்டும். சாக்கடைத் தகராறில் அவரோடு பேச்சை விட்டவள். அவளிடம் போன் கிடையாது, பால்காரன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், கொம்பையாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, உம்ம புத்திய என்ன சொல்ல," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சாப்பாட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் எதற்கு அழுதாள் என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது, திருமலைக்குமார் என்ற பெயரில். வந்தது அழுகிற பொம்மை இல்லை, கும்பிடுகிற கையும் இல்லை. கட்டைவிரல்.

கொம்பையா அதையே பார்த்தார். "கட்டைவிரல காட்டுறான் வே," என்றார். "அப்பன் செத்ததுக்கு, சபாஷுங்கான்."

அந்தப் போனில் ஒரு சூது இருக்கிறது சார். சும்மா தொட்டால் கட்டைவிரல் விழும். அழ வேண்டும் என்றால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும், அப்போதுதான் பொம்மைகள் வரிசையாக எழுந்து வரும், அதில் பொறுக்க வேண்டும். இதை அவரிடம் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "கை நடுங்கியிருக்குமோ?" என்றார்.

இருக்கலாம் என்றேன். இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

திரும்பப் பார்த்தால் கட்டைவிரலைக் காணோம். எடுத்துவிட்டான். அதற்குப் பதில் வேறு எதையும் போடவில்லை. கொம்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வே போச்சு, எங்கே வே போச்சு என்கிறார், குழந்தை மாதிரி. நெஞ்சு வேறு சரியில்லாத ஆள். அந்த நேரம் அலமாரி மேல் இருந்த அவருடைய சொந்தப் போன் அடிக்க ஆரம்பித்தது. பூரணம் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பையன் நம்பர். இத்தனை வருஷத்தில் அந்த நம்பர் அந்தப் போனில் அடித்ததே இல்லை.

அவர் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். எடுக்கவில்லை.

"எடுத்தா என்ன சொல்ல?" என்றார். "செத்தவன் எப்படி வே போன் எடுப்பான்? எடுத்தா, இருக்கேன்னு ஆயிரும். இருந்தா அவன் வர முடியாதே."

அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. எடுக்க வேண்டாம் என்று நானும்தான் சொன்னேன். என் செய்தி ஏறுமுகத்தில் இருந்தது, அதற்காக என்று பூரணம் பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொய். அப்பனும் பிள்ளையும் சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏறுமுகத்தில் இருந்தது என்பதும் வாஸ்தவம்.

சாயங்காலம் கொம்பையா வெந்நீர் வைத்துக் குளித்தார். சலவை வேட்டி கட்டிக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டு முன்வாசலில் போய் நின்றார். இதென்ன வே, மாப்பிள்ளை அழைப்பா என்று கேலி செய்தேன். அவர் காதில் விழவில்லை. நான் அவர் தோளோடு தோள் நின்றேன். இதோ உங்களுக்கும் எனக்கும் உள்ள தூரம்கூட இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பையன் இறங்கினான். முன்தலை நரைத்திருந்தது. கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கின ரோஜா மாலை. நிமிர்ந்தவன் அப்பனைப் பார்த்தான். நடைக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். இவர் உள்ளே, அவன் வெளியே, நடுவில் அந்த நடை. அப்பன் உயிரோடு இருக்கும்வரை அவன் மிதிக்கக் கூடாத நடை.

அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் மாரிக்கனி வண்டி, சார். அந்தக் கிழவி வீட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறான். எங்களைப் பார்த்துவிட்டான், வண்டியை நிறுத்துகிறான், பையிலிருந்து கேமராவை எடுக்கிறான். கொம்பையா பிழைத்ததை அவன் சொல்வதா? அவரைச் சாகடித்தவன் நான், பிழைக்க வைக்கிற உரிமையும் எனக்குத்தானே? போனை எடுத்தேன். மரணத்தை வென்றார் நம் கொம்பையா, தந்தையும் மகனும் நேருக்கு நேர் என்று தட்டினேன். கண்ணாடி வேறு மூக்கில் நிற்கவில்லை. 'வென்றார்' இரண்டு தடவை தப்பாக விழுந்தது. போட்டுவிட்டேன். போட்ட கையோடு ஹார்ட்டு வர ஆரம்பித்தது பாருங்கள். மழை. ஆலங்கட்டி மழை. வெல்லப் பானையை உள்ளே இருக்கிற ஆள் அப்படியே கவிழ்த்துவிட்டார். பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து, பேரே தெரியாத ஊரிலிருந்தெல்லாம்.

நிமிர்ந்து பார்க்கிறேன். வாசலில் ஒருத்தரும் இல்லை. மாலை மட்டும் சுவரோரம் நின்ற சைக்கிள் கைப்பிடியில் தொங்குகிறது. வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே பேச்சுக் குரல், பூரணம் தட்டு எடுத்து வைக்கிற சத்தம்.

அவன் அந்த நடையை எப்படித் தாண்டினான் சார்? யார் முதலில் பேசினது? அவர் வார்த்தையைத் திரும்பத் தின்றாரா, இவன் கேட்காமலே மிதித்துவிட்டானா? ஊரில் கேட்டால் நான் சொல்வேன், பையன் காலில் விழுந்தான் என்று. கொம்பையா ஓங்கி ஒரு அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டார் என்றும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அதற்கு நல்ல வரவேற்பு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

அந்த வாரமே பையன் அவரைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டான். பூரணத்திடம் கேட்டேன். அதெல்லாம் வெளியே சொல்கிற பேச்சா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, சாக்கடைத் தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மாரிக்கனியிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவன் கேமராவில் பேட்டரி இல்லையாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

கடைசியில் கொம்பையாவுக்கே போன் போட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றார். பேரன் பேசுகிற சத்தம் பின்னால் கேட்டது. அதெல்லாம் இருக்கட்டும் வே, அன்றைக்கு நடையில் வைத்து அவன் என்ன சொன்னான், நீர் என்ன சொன்னீர், அதை மட்டும் சொல்லும் என்றேன்.

"நீரு பக்கத்துலதான வே நின்னீரு," என்றார்.

அவ்வளவுதான், பேரன் கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டார். பாருங்கள் சார், இத்தனை வருஷம் பழகின ஆளிடமே மறைக்கிறார். அப்படி என்னதான் சொல்லியிருப்பான்?